கிரியேட்டினின் திடீரென ஏறினால்: சிறுநீரகச் செயலிழப்பின் காரணத்தைப் பிரித்தறியும் முறை

மழைக்காலம் தொடங்கிவிட்டால், மும்பையின் மாநகராட்சி மருத்துவமனைகளில், சயானிலும் சரி, பரேல் கே.ஈ.எம். மருத்துவமனையிலும் சரி, காய்ச்சலோடு சேர்க்கப்பட்டு ஓரிரு நாளில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறிப்போன நோயாளிகளைப் பார்ப்பது வழக்கமாகிவிடுகிறது. தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் வரும் தமிழ்க் குடும்பத்தார், கையில் ஓர் இரத்தப் பரிசோதனைத் தாளோடும், “கிட்னி ஃபெயிலியராம், டயாலிசிஸ் வேணுமாம்” என்ற ஒரே செய்தியோடும் கலங்கி நிற்கிறார்கள். அந்தத் தாளிலுள்ள எண், சிறுநீரகத்தின் வேலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எதனால் குறைந்தது என்பதை நோயாளியின் கதையும், அவருடைய சிறுநீரும்தான் சொல்லும். சிகிச்சை முழுவதும் அந்த ‘எதனால்’ என்ற கேள்வியின் விடையைப் பொறுத்தே அமைவதால், அதைப் பிரித்தறியும் வரிசையை, பணியில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மருத்துவர் என்ன தேடுகிறார் என்பதைப் புரிந்துகொள்ள விரும்பும் வீட்டாருக்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன். இதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே சிகிச்சை செய்ய முயல வேண்டாம். இந்த நோயில் மணி நேரங்கள் முக்கியம்.

காரணம் தேடுவதற்கு முன்பே பார்க்க வேண்டிய ஆபத்துகள் உள்ளன. இரத்தத்தில் பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டியிருந்தாலோ, இ.சி.ஜி.யில் அதன் அறிகுறிகள் தெரிந்தாலோ, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் ஏற்பட்டாலோ, இரத்தத்தின் அமிலத்தன்மை கட்டுக்கடங்காமல் போனாலோ, நோயாளி மயங்கிக் குழம்பினாலோ வலிப்பு வந்தாலோ, முதலில் உயிரைக் காக்கும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். காரணத்தை அதனோடு சேர்த்தே தேடிக்கொள்ளலாம்.

இது புதியதா, பழையதா?

சிறுநீரக நோய்களுக்கான பன்னாட்டு வழிகாட்டுதல் அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ.-வின் 2012-ஆம் ஆண்டு வரையறைப்படி, கிரியேட்டினின் 48 மணி நேரத்துக்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் அளவுக்கு உயர்ந்தாலோ, ஏழு நாட்களுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கானாலோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சிறுநீர் பிரிந்தாலோ, அது திடீர்ப் பாதிப்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வரையறையைப் பயன்படுத்த வேண்டுமானால் ‘பழைய அளவு’ தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பழைய பரிசோதனைத் தாள்களைக் கேட்டு வாங்குவதே முதல் வேலை. வேலைக்குச் சேரும்போதோ, கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன்போ, ஊரில் திருநெல்வேலியிலோ தென்காசியிலோ எடுத்த பரிசோதனையாக இருந்தாலும் போதும். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

பழைய தாள் எதுவுமே இல்லையென்றால், சோனோகிராபியில் சிறுநீரகங்களின் அளவைப் பார்க்க வேண்டும். இரண்டும் 9 சென்டிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தால், நோய் பெரும்பாலும் நாட்பட்டது. எனினும் சர்க்கரை நோயாலோ, எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மைலோமாவாலோ நாட்பட்டுக் கெட்ட சிறுநீரகம் வழக்கமான அளவிலேயே இருக்கக்கூடும் என்பதால், அளவு சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் புதிய பாதிப்பு என்று முடிவு கட்டக் கூடாது. மேலும், டிரைமெத்தோபிரிம் கலந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே கிரியேட்டினினைச் சற்று உயர்த்திக் காட்டும்.

அடைப்பு இருக்கிறதா?

காரணங்களைச் சிறுநீரகத்துக்கு முன், சிறுநீரகத்துக்குள், சிறுநீரகத்துக்குப் பின் என்று மூன்றாகப் பிரிப்பது பாடப்புத்தக மரபு. தேடும்போது பின்னாலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் அடைப்பைக் கண்டுபிடிப்பது எளிது, நீக்குவது பல நேரங்களில் எளிது, தவறவிட்டால் இழப்பு பெரிது. வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீக்கம், பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய், எந்த வயதினருக்கும் இரு பக்கமும் கல் அல்லது ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவருக்கு ஒரே கல், ஏற்கெனவே போட்டிருக்கும் கத்தீட்டர் அடைபட்டுப்போவது ஆகியவை இதில் முக்கியமானவை.

இதில் அடிக்கடி ஏமாற்றும் ஒரு நிலையைச் சொல்ல வேண்டும். “மாமாவுக்கு ஒண்ணுக்கு போயிட்டுத்தான் இருக்கு, சொட்டுச் சொட்டா அடிக்கடி போறாங்க” என்று மருமகள் சொல்லும்போது, சிறுநீர் போகிறது, ஆகவே அடைப்பு இல்லை என்று கேட்பவர் நினைத்துவிடக்கூடும். உண்மையில் நிரம்பித் ததும்பும் சிறுநீர்ப்பையிலிருந்து வழிவதுதான் அந்தச் சொட்டு. தொப்புளுக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்தால் இறுகிய வீக்கம் தட்டுப்படும். கத்தீட்டர் செலுத்தியதும் ஒரு லிட்டர்கூட வெளியேறலாம். நான்கைந்து நாட்களுக்கு முன் சளிக்கு வாங்கிய மாத்திரையில் இருந்த ஒவ்வாமை மருந்தே இந்த அடைப்பைத் தூண்டியிருக்கவும் கூடும் என்பதால், அதையும் கேட்க வேண்டும்.

சிறுநீர் முற்றிலும் நின்றுபோவதும், ஒரு நாள் நின்று மறுநாள் ஏராளமாகப் போவதும் அடைப்பை நினைவூட்ட வேண்டும். சோனோகிராபியில் சிறுநீரகம் விரிந்திருந்தால் ஐயம் தீர்ந்தது. அடைப்பு ஏற்பட்டு ஓரிரு நாளே ஆகியிருந்தாலோ, நோயாளியின் உடலில் நீர்ச்சத்து வற்றியிருந்தாலோ விரிவு தெரியாமல் போகலாம். கதை வலுவாக அடைப்பைக் காட்டினால், ஒரு நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அடைப்பு நீங்கியபின் சிறுநீர் வெள்ளமாக வெளியேறி, உப்பும் நீரும் குறைந்துவிடும் ஆபத்து உண்டு என்பதால், அடுத்த இரண்டு நாட்கள் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

இரத்தம் போதிய அளவு வந்து சேர்கிறதா?

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அந்த ஓட்டம் குறையும்போது, கெட்டுப்போகாத சிறுநீரகம் உப்பையும் நீரையும் இறுகப் பிடித்துவைத்துக்கொண்டு, சிறிதளவு அடர்ந்த சிறுநீரை மட்டும் வெளியேற்றும். வாந்தி, வயிற்றுப்போக்கு, மே மாத வெயிலில் தகரக் கூரையின் கீழே நாள் முழுவதும் நிற்கும் வேலை, இரத்தப்போக்கு, தீக்காயம் ஆகியவற்றில் உடலின் நீரே குறைகிறது. இதயப் பலவீனத்திலும் ஈரல் சுருக்கத்திலும் உடலில் நீர் மிகுந்து கால் வீங்கியிருந்தாலும், சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும் இரத்தம் குறைவாகவே இருக்கிறது. இரண்டுக்கும் பரிசோதனைத் தாள் ஒன்றுபோலவே இருக்கும், சிகிச்சையோ நேர் எதிரானது. முன்னவருக்கு சலைன் உயிர் காக்கும்; பின்னவருக்கு அதே சலைன் மூச்சை அடைக்கும். ஆகவே நோயாளியைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தம் பார்ப்பது, நாக்கைப் பார்ப்பது, கழுத்துச் சிரையைப் பார்ப்பது, நுரையீரலின் அடிப்பகுதியில் ஸ்டெத் வைத்துக் கேட்பது ஆகிய நான்கையும் எந்தத் தாளும் ஈடு செய்ய முடியாது.

தாள் உதவும் இடம், நீர்ச்சத்துக் குறைவா, அல்லது அது நீடித்ததால் சிறுநீரகத்துக்குள் சிறுநீர் ஓடும் நுண்குழல்களே சிதைந்துவிட்டனவா என்ற கேள்வியில்தான். இரத்த யூரியா நைட்ரஜனைக் கிரியேட்டினினால் வகுத்தால் 20-க்கு மேல் வருமானால் அது ஓட்டக் குறைவைக் காட்டுகிறது என்பது விதி. ஆனால் நம் ஊர் ஆய்வகங்கள் பலவும் யூரியாவைத் தருகின்றன, யூரியா நைட்ரஜனை அல்ல. யூரியா 120 என்றிருந்தால் அதை 2.14-ஆல் வகுத்து, 56 என்று எடுத்துக்கொண்டு அதன்பின் விதியைப் பொருத்த வேண்டும். இதைச் செய்யாமல் எல்லாருக்கும் ‘நீர் குறைவு’ என்று எழுதிவிடும் ஆபத்து உண்மையானது. குடலில் இரத்தம் கசிந்தாலும், ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டாலும் யூரியா தனியே உயரும். ஊட்டமின்மையிலும் ஈரல் நோயிலும் உயராமலே இருக்கும்.

இதைவிட நம்பகமானது சிறுநீரின் சோடியம். நுண்குழல்கள் வேலை செய்தால் சோடியம் 20-க்குக் கீழே இருக்கும், சிதைந்திருந்தால் 40-க்கு மேலே போகும். இன்னும் துல்லியமாக, வடிகட்டப்பட்ட சோடியத்தில் எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்கிடலாம்: சிறுநீர் சோடியத்தை இரத்தக் கிரியேட்டினினால் பெருக்கி, அதை இரத்தச் சோடியம், சிறுநீர்க் கிரியேட்டினின் இரண்டின் பெருக்குத்தொகையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். சிறுநீர் சோடியம் 10, இரத்தச் சோடியம் 140, சிறுநீர்க் கிரியேட்டினின் 120, இரத்தக் கிரியேட்டினின் 2.4 என்றால் விடை 0.14 சதவீதம். 1-க்குக் கீழே என்பதால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்திருக்கிறது, ஓட்டம் சரியானால் மீளக்கூடியது. 2-க்கு மேல் வந்தால் நுண்குழல் சிதைவு என்று கருதலாம். சிறுநீர் பெருக்கும் மாத்திரையை உட்கொண்டவருக்கு இந்தக் கணக்கு பொய்க்கும். அவருக்கு இதே முறையில் யூரியாவைக் கணக்கிட்டு, 35 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது ஓரளவு உதவும். எப்படியானாலும், இந்த மாதிரியை சலைனும் ஊசியும் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். அவசரப் பிரிவில் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட மறந்தால், பிறகு அந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது.

சிறுநீரகத்துக்குள்ளேயே என்றால்

அடைப்பும் இல்லை, ஓட்டத்தைச் சரிசெய்தும் இரண்டு மூன்று நாளில் மீளவில்லை என்றால், பாதிப்பு உள்ளே இருக்கிறது. அங்கே நுண்குழல், குழல்களுக்கு இடையிலுள்ள இடைத்திசு, இரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சு, இரத்தக்குழாய் என்று நான்கு இடங்கள் உண்டு. எந்த இடம் என்பதைப் புதிதாகப் பிடித்த சிறுநீரின் வண்டல் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றி, அடியில் தங்கியதில் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். நுண்குழல் சிதைந்திருந்தால், சேற்றுப் பழுப்பு நிறத்தில், மணல் மணலான உருளைகள் (நுண்குழலின் வடிவிலேயே திரண்ட அச்சுகள்) பரவிக் கிடக்கும். இடையிடையே உரிந்த குழல் செல்கள் தெரியும். வடிமுடிச்சு அழற்சியில், சிவப்பணுக்கள் கோணல் மாணலாக நெளிந்திருக்கும், சிவப்பணுக்களே உருளையாகத் திரண்டும் இருக்கும். இடைத்திசு அழற்சியில் வெள்ளணுக்களும் வெள்ளணு உருளைகளும் இருக்கும், ஆனால் கிருமி வளராது. ஓட்டக் குறைவிலும் அடைப்பிலும் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. மாதிரி ஆய்வகத்தில் அரை நாள் கிடந்தால் உருளைகள் கரைந்துவிடும். ஆகவே ‘உருளைகள் இல்லை’ என்ற அறிக்கையை நம்புமுன், எத்தனை மணிக்குப் பிடித்த சிறுநீர், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

பட்டையை நனைத்துப் பார்க்கும் எளிய சோதனையில் இரத்தம் மூன்று கூட்டல் குறி காட்டியும், நுண்ணோக்கியில் சிவப்பணு இல்லையென்றால், அது தசையிலிருந்தோ உடைந்த சிவப்பணுவிலிருந்தோ வந்த நிறமி. கட்டட இடிபாட்டில் சிக்கி மீட்கப்பட்டவர், நீண்ட நேரம் வலிப்பில் இருந்தவர், பழக்கமில்லாமல் கடும் உடற்பயிற்சி செய்தவர் ஆகியோருக்குச் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், இரத்தத்தில், தசையிலிருந்து கசியும் சி.கே. நொதியை உடனே பார்க்க வேண்டும். 5,000-ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. மலேரியாவுக்குப் பிரைமாக்குயின் எடுத்த சில நாட்களில் சிறுநீர் கறுத்தால், ஜி6பிடி குறைபாட்டால் சிவப்பணுக்கள் உடைகின்றனவா என்று ஆராய வேண்டும்.

மழைக்காலக் காய்ச்சல்களைப் பிரித்தறிவதில் மும்பைக்கு நெடிய அனுபவம் உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரமே மூழ்கியதைத் தொடர்ந்து, எலிக்காய்ச்சல் பரவிப் பல உயிர்களைப் பறித்தது. எலிகளின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நடந்தவரின் காலிலுள்ள சேற்றுப்புண் வழியாகவும் வெடிப்பு வழியாகவும் கிருமி நுழைந்து, பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் காய்ச்சல் தொடங்கும். “தண்ணீரில் நடந்தீர்களா?” என்று கேட்டால் இந்நகரத்தில் பலர் இல்லை என்பார்கள், ஏனெனில் கணுக்கால் அளவுத் தண்ணீரை யாரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. தண்டவாளத்தைக் கடந்தாரா, சந்தில் தேங்கிய நீரில் தள்ளுவண்டியை இழுத்தாரா, காலில் புண் இருந்ததா என்று தனித்தனியே கேட்க வேண்டும்.

தாராவியில் விடியற்காலை இட்லிக் கூடையைச் சுமந்து செல்லும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து நாள் காய்ச்சல், கெண்டைக்காலைத் தொட்டாலே அலறும் வலி, சீழில்லாமல் சிவந்த கண்கள், லேசான மஞ்சள். கிரியேட்டினின் 4.8. ஆனால் சிறுநீர் தாராளமாகப் போகிறது, பொட்டாசியம் 3.2. இந்தக் கடைசி இரண்டும் சேர்ந்து வருவதே எலிக்காய்ச்சலின் கைரேகை. மற்றப் பெரும்பாலான காரணங்களில் கிரியேட்டினின் இந்த அளவுக்கு ஏறினால் பொட்டாசியமும் ஏறும். இதிலோ நுண்குழல்கள் அதை வெளியேற்றிவிடுகின்றன. மஞ்சள் நிறமியான பிலிருபின் மிக உயர்ந்தும் ஈரல் நொதிகள் சற்றே உயர்ந்தும் இருப்பது, இதை வைரஸ் மஞ்சள் காமாலையிலிருந்து பிரிக்கும். எலிக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். சோதனை முதல் சில நாட்களில் பொய்யாக எதிர்மறை காட்டலாம். மருந்தை அதற்காகத் தாமதிக்கக் கூடாது. மலேரியாவை இரத்தப் பூச்சிலும் விரைவுச் சோதனையிலும் கண்டுபிடித்துவிடலாம். மலேரியாக் கிருமி வகைகளில் ஃபால்சிபாரம் மட்டுமல்ல, விவாக்ஸும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. டெங்குவில் பாதிப்பு பெரும்பாலும் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழுவதால் வருவது, ஆகவே ஹீமடோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) உயர்வோடு சேர்ந்தே வரும். இவற்றுள் இரண்டு நோய்கள் ஒரே ஆளிடம் இருப்பதும் இந்நகரத்தில் அரிதன்று.

குழந்தையின் கதை வேறு. சிரங்குப் புண் ஆறி மூன்று முதல் ஆறு வாரம் கழித்தோ, தொண்டை வலி வந்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தோ, காலையில் முகம் ஊதி, சிறுநீர் கருத்து, இரத்த அழுத்தம் உயர்ந்தால், வடிமுடிச்சு அழற்சி. இரத்தத்தில் சி3 என்ற நோயெதிர்ப்புப் புரதம் குறைந்திருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்தில் மீண்டுவிடும். மீளாவிட்டால் வேறு நோய். பெரியவர்களுக்கு வடிமுடிச்சு அழற்சியோடு இருமலில் இரத்தமும் வந்தால், அதே நாளில் நெஃப்ராலஜிஸ்ட் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் சேர்ந்து குறைந்து, செல்கள் உடையும்போது கசியும் எல்.டி.எச். நொதி உயர்ந்தால், இரத்தப் பூச்சில் உடைந்த சிவப்பணுத் துண்டுகளைத் தேட வேண்டும். நுண்ணிரத்தக் குழாய்களில் உறைகட்டி அடைக்கும் நோயாக இருக்கலாம். தட்டணு குறைந்தாலே டெங்கு என்று நினைத்துவிடும் மழைக்காலப் பழக்கம் இதை மறைத்துவிடுகிறது.

மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் குறுக்கே வருவது மருந்து. வீட்டிலுள்ள அட்டைகள், சூரணங்கள், மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் வாங்கியவை அனைத்தையும் ஒரே பையில் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில் தொடங்கினார் என்று எழுத வேண்டும். நாட்கணக்கே துப்பு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள், டெல்மிசார்ட்டான் போன்ற இரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பெருக்கும் மாத்திரை மூன்றும் சேர்ந்திருக்கும் ஒருவருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்தாலே போதும், சிறுநீரகத்தின் ஓட்டம் சரிந்துவிடும். அமிகாசின், ஜென்டாமைசின் ஊசிகள் ஐந்து முதல் ஏழு நாள் கழித்து, சிறுநீர் குறையாமலேயே கிரியேட்டினினை ஏற்றும். சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் சாய மருந்தால் வரும் பாதிப்பு ஒன்றிரண்டு நாளில் தொடங்கி, பெரும்பாலும் பத்து நாளுக்குள் தணியும். பேன்டோபிரசோல் போன்ற அமிலத் தடுப்பு மாத்திரைகளால் வரும் இடைத்திசு அழற்சியோ, வாரங்களோ மாதங்களோ கழித்து ஓசையில்லாமல் வரக்கூடும். காய்ச்சலும் தோல் தடிப்பும் இயோசினோஃபில் உயர்வும் மூன்றுமாகச் சேர்ந்து வருவது சிலருக்குத்தான் என்பதால், அவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது.

உணவையும் கேளுங்கள். சர்க்கரை குறையும் என்று நட்சத்திரப் பழச் சாற்றையோ, பிலிம்பிப் புளிச்சாற்றையோ வெறும் வயிற்றில் குடித்தவர்களுக்கு ஆக்சலேட் படிகங்கள் நுண்குழல்களை அடைத்துவிடுகின்றன. மீனின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்குவதும் சிறுநீரகத்தைத் தாக்கும். கேட்பவர் குரலில் கண்டிப்பு இருந்தால் நோயாளி இவற்றைச் சொல்லமாட்டார். “யாராவது பெரியவங்க சொல்லி ஏதாவது குடிச்சீங்களா அண்ணாச்சி?” என்று இயல்பாகக் கேட்டால், விடை வந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் காரணம் தெரியாமல் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போனால், அல்லது சிறுநீரில் சிவப்பணு உருளையும் மிகுந்த புரதமும் இருந்தால், சிறுநீரகத் திசுவை ஊசியால் எடுத்துப் பார்க்கும் பயாப்சியைத் தள்ளிப்போடக் கூடாது. அழற்சி வடுவாக மாறிய பின் கிடைக்கும் விடையால் நோயாளிக்குப் பயன் குறைவு. மீண்டு வீடு திரும்புகிறவரின் ஃபைலில் ‘திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு’ என்று மட்டும் எழுதாமல், எலிக்காய்ச்சலால், வலி மாத்திரையால், புராஸ்டேட் அடைப்பால் என்று காரணத்தையும், இனி தவிர்க்க வேண்டிய மருந்தின் பெயரையும், வீடு திரும்பும் நாளின் கிரியேட்டினினையும் எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கிரியேட்டினினையும் சிறுநீர்ப் புரதத்தையும் மறுபடி பார்க்கும்போது, அந்த வரிகளே அடுத்த மருத்துவருக்குப் ‘பழைய அளவு’ ஆகும்.